ஞாயிற்றுக்கிழமை மழை

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மழைமானியில் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் இருந்தது. ரோஸ்மேரி நம்பவில்லை. பாட்டிலில் இருந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஆறு தவணையாக ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் கூட்டியிருந்தாள். இருந்தாலும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விரல்விட்டு மறுபடி கூட்டினாள். நூற்றுப் பன்னிரண்டுதான். ஆபீசுக்குள் வந்து பதிவேட்டில் எழுதி முடிப்பதற்குள் செல்போன் கிணுகிணுத்தது. நீலகிரி மாவட்டத்துக்கு நாளை சிவப்பு எச்சரிக்கை, அதி கனமழை. அவள் பேனாவை மூடாமலேயே எழுந்து நின்றாள்.

மழையைக் கண்டு பயப்படுகிறவள் இல்லை அவள். அப்படிப் பயந்தால் குன்னூருக்கு மேலே ஹெதர்லி எஸ்டேட்டில் இருபத்தொன்பது வருடம் குப்பை கொட்டியிருக்க முடியுமா? எஸ்டேட்டில் கிளார்க்கை ரைட்டர் என்பார்கள், ரோஸ்மேரி ரைட்டரம்மா. யார் வேலைக்கு வந்தார்கள், யார் லீவு, எவ்வளவு கொழுந்து, எவ்வளவு மழை, எல்லாம் அவள் கையெழுத்தில்தான். இன்னும் நான்கு மாதத்தில் ரிட்டயர்மென்ட். அவள் பயந்தது ஐந்தாம் நம்பர் லைனை நினைத்து. ஆபீசுக்குக் கீழே, சரிவின் அடிவாரத்தில், ஒரே தகரக் கூரையின் கீழ் தொழிலாளர்களுக்கான பதினான்கு வீடுகள். அந்த வீடுகள் அங்கே இருக்கவே கூடாது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ரோஸ்மேரி இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு மேனேஜர் கீர்த்திவாசன் வந்ததும் போய் நின்றாள். அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. மரியாதையான ஆள், எதற்கும் ஒரு காகிதம் கேட்கிற ஆள்.

"சார், அஞ்சாம் நம்பர் லைன்ல இருக்கறவங்கள இன்னிக்கே மேல பள்ளிக்கூடத்துக்கு மாத்திரலாமுங்க."

"ஏன் மேடம்? வீட்டுக்குள்ள தண்ணி வந்திருக்கா?"

"இல்லீங்க. நாளைக்கு ரெட் அலர்ட். பின்னால சரிவு இருக்குதுங்க. ஏற்கெனவே ஒருக்கா சரிஞ்ச இடம்."

அவர் அலமாரியைத் திறந்து பழைய கோப்பு ஒன்றை எடுத்தார். அந்தக் கோப்பை வாசலிலிருந்தே ரோஸ்மேரிக்கு அடையாளம் தெரிந்தது.

"நானும் நேத்தே பார்த்துட்டேன் மேடம். பதினாறு வருஷம் முன்னால நவம்பர்ல சரிஞ்சிருக்கு. ஆனா அப்ப மழை மூணு நாளும் அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தேழு. இந்த மழைக்கு மலை சரியாது, அடைச்சுக்கிட்ட வாய்க்கால்தான் காரணம்னு நிபுணர் எழுதியிருக்கார். வாய்க்காலைச் சரி பண்ணிட்டுத்தான் வீடு கட்டியிருக்காங்க. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை நூறு தாண்டிப் பெய்ஞ்சிருக்கு, ஒரு கல்லு உருளலை." அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "மழைக் கணக்குக்குக் கீழே இருக்கிற கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாங்க சார்."

"அப்புறம் என்ன? வேற ஏதாவது பேப்பர் இருந்தாக் காட்டுங்க. வெறும் பயத்தை வெச்சுப் பதினாலு குடும்பத்தை எழுப்பினா மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?"

சொல்லவேண்டியது தொண்டைவரை வந்தது. சார், அந்தக் கணக்கு பொய். அவ்வளவுதான், நாலே வார்த்தை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். வந்து வராந்தாவில் நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். திட்டி என்ன ஆகப்போகிறது.

மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்துப் படிக்கட்டில் இறங்கி ஐந்தாம் நம்பர் லைனுக்குப் போனாள். முதல் வீடு தெய்வம்மாவுடையது. இருபது வயதிலிருந்து கொழுந்து பறிக்கிறவள். மழையால் வேலை இல்லாமல் அன்று வீட்டில் இருந்தாள். மகன் திருப்பூரில். மருமகள் மகாலட்சுமி அடுப்படியில் நின்றிருந்தாள். பேரப்பிள்ளைகள் இரண்டும் பின்னறையில் கட்டிலில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன. அந்தப் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நாலடி இடைவெளி, அதற்கப்பால் மலைதான்.

"வாங்க ரைட்டரம்மா. இந்த மழைல எதுக்குங்க இறங்கி வந்தீங்க? ஒரு சத்தம் போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டனா?"

"தெய்வம்மா, ரெண்டு நாளைக்கு எல்லாரும் பள்ளிக்கூடத்துல போய் இருந்துக்குங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டு இன்னிக்கே போயிருங்க."

தெய்வம்மா சிரித்தாள். "போன வருசமும் இப்படித்தான் போன்ல வந்துச்சுங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல கக்கூசு கதவே இல்லீங்க. பொம்பளப் புள்ளைகளக் கூட்டிட்டு அங்க போயி எப்படீங்க இருக்கறது? பன்னெண்டு வருசமா இங்கதான இருக்கறோம்." பிறகு ரோஸ்மேரியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "ஏனுங்க, என்னமாச்சும் தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

சும்மா, ஒரு பாதுகாப்புக்குத்தான் என்று எதையோ முணுமுணுத்துவிட்டு ரோஸ்மேரி மேலே ஏறினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

அடுத்து வாட்ஸ்அப். 'ஹெதர்லி குடும்பம்' என்று ஒரு குழு உண்டு. ரோஜாப்பூ வைத்த காலை வணக்கத்துக்கும் காணாமல்போன ஆட்டுக்குட்டிக்கும் நடுவே, சரிவு ஆபத்து, ஐந்தாம் நம்பர்காரர்கள் மேலே வந்துவிடுங்கள் என்று போட்டாள். மூன்று பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் கும்பிட்டார். பத்தே நிமிடத்தில் யாரோ ஒரு குரல் பதிவை அனுப்பினார்கள். அணை உடைந்துவிட்டது, மலை இரண்டாகப் பிளக்கப்போகிறது என்று ஒரு பெண் கதறினாள். எந்த அணை, எந்த ஊர் என்று தெய்வத்துக்குத்தான் வெளிச்சம். உடனே குழுவை நடத்துகிற சூப்பர்வைசர் 'வதந்தி பரப்ப வேண்டாம்' என்று எழுதி, இனி யாரும் எதுவும் போட முடியாதபடி பூட்டிவிட்டார். அவள் எழுதியதும் அந்தக் கதறலும் ஒரே சாக்கில் விழுந்து கட்டப்பட்டன. அவரைக் குறை சொல்லவும் முடியாது. யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது என்று எதுவும் ஒட்டாத இடம் அது.

மதியம் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. கணவர் சில்வஸ்டர், ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தட்டுக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார்.

"அந்தப் பழைய கதையக் கிளப்பப் போறியா?"

"மழை கிளப்புதுங்க. நான் கிளப்பல."

"ரிட்டயர்மென்ட்டுக்கு நாலு மாசம் இருக்குது ரோசி. பொய்க் கணக்கு எழுதுனேன்னு நீயே சொன்னா, குவார்ட்டர்ஸக் காலி பண்ணுன்னு நாளைக்கே நிப்பாங்க. நாம எங்க போறது? கையக் கால வெச்சுட்டு சும்மா இரு."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவளுக்கும் அதே பயம்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் வீடு. இரண்டுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வேறு ஏதாவது பேப்பர் இருந்தால் காட்டுங்கள் என்று மேனேஜர் கேட்டது அப்போதுதான் மறுபடி காதில் விழுந்தது. பேப்பர் இல்லை. ஆனால் ஒன்று இருந்தது.

அவளுக்கு ஒரு வலைப்பூ உண்டு. 'எட்டரை மணி மழை' என்று பெயர். வலைப்பூ என்றால் இன்றைக்கு இருக்கும் பிள்ளைகள் ஏதோ பூச்செடி என்று நினைப்பார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு தனி உலகம். தமிழில் தட்டச்சத் தெரிந்த எல்லோரும் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டு, ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்ப் பின்னூட்டம் என்று பேசிவிட்டு வருவார்கள். பதிவைப் படிக்காமலேயே 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று எழுதிவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. ரோஸ்மேரி தினமும் அன்றைய மழை அளவைப் போட்டு, கூடவே நாலு வரி எழுதுவாள். எந்தக் காட்டில் காட்டெருமை வந்தது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது, பனி எந்தத் தேதியில் முதலில் விழுந்தது. சிங்கப்பூரிலிருந்தெல்லாம் படித்தார்கள். கூடலூருக்கு அப்பால் நாடுகாணியில், ஒரு தோட்டத்தில் அவளைப் போலவே மழை அளக்கிற ஷிஜோ என்ற மலையாளிப் பையன் தினமும் தன் ஊர் அளவைப் பின்னூட்டத்தில் போட்டு அவளோடு போட்டி போடுவான். நானூற்றுப் பன்னிரண்டு பதிவு. ஒரு நவம்பரோடு நின்றுபோனது. நேரமில்லை, எல்லோரும் ஃபேஸ்புக் போய்விட்டார்கள் என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அது காரணமே இல்லை.

செல்போனில் அந்த முகவரியைத் தட்டினாள். பக்கம் திறந்தது. யாரும் நுழையாத வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்ததுபோல் திகைத்துப் போனாள். உள்ளே போகக் கடவுச்சொல் கேட்டது. கணவர் பெயரையும் கல்யாண வருடத்தையும் அடித்தாள், திறந்துகொண்டது. சில்வஸ்டருக்கே ஞாபகமில்லாத வருடம் அது.

வரைவுகள் என்ற இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. தலைப்பு 'ஞாயிற்றுக்கிழமை மழை'. அதைத் தொடுவதற்கு முன் அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

'ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். எங்கள் எஸ்டேட்டுகளில் ஞாயிற்றுக்கிழமை யாரும் மழை அளப்பதில்லை. லீவு. திங்கள் காலை பாட்டிலில் இருப்பதைப் பாதியாகப் பிரித்து ஞாயிறு இவ்வளவு, திங்கள் இவ்வளவு என்று எழுதிவிடுவோம். எனக்கு முன்னால் இருந்த ரைட்டரும் அப்படித்தான், பக்கத்து எஸ்டேட்டிலும் அப்படித்தான். இந்த முறை சர்ச்சில் தங்கை மகளின் புதுநன்மை விழாவுக்காக வெள்ளி மாலையே ஊட்டி போய், பாதை அடைபட்டு, திங்கள் காலைதான் வந்தேன். மழைமானியின் பாட்டில் இருநூறு மில்லிமீட்டர்தான் கொள்ளும். அது நிறைந்து, வெளி டப்பாவும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு வழிந்தது என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. சனியும் ஞாயிறும் பகலில் வெறும் தூறல்தானாம். கொட்டித் தீர்த்தது ஞாயிறு இரவு மட்டும். நான் பழக்கதோஷத்தில் பாட்டிலில் இருந்ததை மூன்றாகப் பிரித்து அறுபத்தாறு, அறுபத்தேழு, அறுபத்தேழு என்று எழுதிவிட்டேன். நேற்று ஆபீசுக்குக் கீழே மலை சரிந்தது. நல்லவேளை, அங்கே தேயிலைதான், ஆள் இல்லை. ஒரே ராத்திரியில் இருநூறுக்கு மேல் பெய்தால் இந்த மலை தாங்காது. பதிவேட்டைப் பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவேன்.'

போய்ச் சொல்லவில்லை. மறுநாள் அப்போதைய மேனேஜர் கணக்கின் நகலை நீட்டினார், நிபுணருக்குக் கொடுக்கவேண்டும் என்றார், அவள் கையெழுத்துப் போட்டாள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் ஊர் பார்க்க வெளியே கிடந்த பதிவை இழுத்து வரைவுக்குள் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு மழை அளவு போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மூன்று வருடம் போனது. மலையில் சமதளம் கிடைப்பது அபூர்வம். சரிந்த மண்ணைத் தட்டி நிரவிய இடம் சமதளமாகக் கிடைத்தது. அதில் ஐந்தாம் நம்பர் லைனைக் கட்டினார்கள்.

இப்போதும் அந்தப் பதிவை வெளியிடத் துணிச்சல் வரவில்லை. பயந்தவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: பாதி செய்தாள். புதிதாக ஒரு பதிவு எழுதினாள். ஹெதர்லி சரிவு ஆபத்தானது, ஐந்தாம் நம்பர் லைனில் இருப்பவர்கள் உடனே வெளியேறவேண்டும், நாளை சிவப்பு எச்சரிக்கை. பதினாறு வருடம் கழித்து 'எட்டரை மணி மழை' கண் திறந்தது. படித்துப் பார்த்தாள். காலையில் வாட்ஸ்அப்பில் போட்டதற்கும் இதற்கும் நூலிழை வித்தியாசம்கூட இல்லை. இதை நம்பி யார் பாயைச் சுருட்டுவார்கள்?

மூன்று மணிக்கு ஒரு பின்னூட்டம் வந்தது.

'சேச்சி! ஜீவனோட உண்டா? நான் நாடுகாணி ஷிஜோ. பழைய ஆள்களோட பக்கமெல்லாம் இப்பவும் போன்ல சேர்த்து வெச்சிருக்கேன், அதுல சட்டுனு உங்க பேர் வந்தது. இங்க இன்னிக்கு 148. ஒரு மெயில் அயச்சிருக்கேன், நோக்குங்க.'

மெயிலைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'ஞாயிற்றுக்கிழமை மழை' முழுதாக அதில் இருந்தது. தலைப்பு, படம், ஒரு வரி விடாமல். மேலே பதினாறு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்த நாளில் பதிவு எழுதினால் அது சந்தா வைத்திருப்பவர்களின் மெயிலுக்கும் போகும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டதாக நினைத்தது இத்தனை காலம் நாடுகாணியில் ஒருவன் பெட்டியில் இருந்திருக்கிறது. கீழே அவன் தன் நம்பரைப் போட்டிருந்தான். உடனே அழைத்தாள்.

"ஷிஜோ, இதை யாருக்காவது காட்டியிருக்கியாப்பா?"

"இல்ல சேச்சி. உங்க காரியம் அல்லே, நான் எப்படிக் காட்டுவேன்?" குரல் நடுவயதுக் குரலாக மாறியிருந்தது. "பின்னே, இன்னிக்குப் போட்டதுல ஏன் இது இல்ல?"

"பயமா இருக்குது. வேலை போயிரும். வீடு போயிரும்."

அங்கேயும் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் கேட்டது.

"சேச்சி, நானும் ஞாயிறு மழைய ரெண்டாப் பகுத்துத்தான் எழுதிட்டிருந்தேன். இந்த மெயில் வந்த அன்னிக்கு நிறுத்தினேன். அதுக்கப்புறம் எல்லா ஞாயிறும் எட்டரைக்கு நானே போய் நிப்பேன். கிறிஸ்துமஸ் ஞாயித்துக்கிழமை வந்தாலும் போவேன். வீட்ல கேட்டா சிரிப்பாங்க. ஆறு வருஷம் முன்ன ஒரு ஞாயிறு இருநூத்திப் பத்து. வெளி டப்பா வழியறதுக்கு முந்தி நான் கண்டேன். சட்டுனு ஓடிப்போய்ப் பாடிக்காரங்களச் சத்தம் போட்டு எழுப்பினேன். ஒன்பது வீடு. சாயங்காலம் அதுல நாலு வீடு இல்ல."

பாடி என்றால் அந்தப் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பு.

"அந்த நாலு வீட்ல இருக்கிறவங்களுக்கு உங்களத் தெரியாது. எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு நாள்தான் வெளிய வெச்சீங்க சேச்சி, எனக்கு அது போதும். உங்க ஆள்களுக்கு இன்னிக்கு ஒரு நாளாச்சும் வைங்க."

போனை வைத்தபின் அவள் அழுதாள். அழுகை பயத்தைக் கரைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் அப்படியே கல்லாகத்தான் உட்கார்ந்திருந்தது. அதோடுதான் வரைவைத் திறந்தாள். மேலே நாலு வரி சேர்த்தாள். இதை எழுதிய ரோஸ்மேரி நான்தான். இந்தக் கணக்கு என் கையெழுத்தில் பொய்யாக இருக்கிறது. அதை நம்பித்தான் ஐந்தாம் நம்பர் லைனைக் கட்டினார்கள். பதினாறு வருடம் முன்பே இது ஒருவருக்கு மெயிலில் போயிருக்கிறது, அந்த மெயிலின் படமும் கீழே உண்டு. வெளியிடு என்ற பொத்தானைத் தொட்டாள். சில்வஸ்டர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

மேனேஜருக்கும் மகாலட்சுமிக்கும் அந்த முகவரியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அந்த அரை மணி நேரத்தைப்போல் ஒரு நேரம் எதிரிக்கும் வரக்கூடாது. மழை வலுத்தது. சாலையில் போன ஜீப் ஒவ்வொன்றும் தன் வாசலில்தான் நிற்கப்போகிறது என்று ஒடுங்கினாள்.

ஐந்தாவது ஜீப் நின்றது. கீர்த்திவாசன் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது, பயத்தில் அவளுக்குச் சளைத்தவராகத் தெரியவில்லை.

"மேடம், இது நிஜமா?"

"நிஜமுங்க சார்."

"காலையில ஏன் சொல்லலை?"

பதிலுக்கு நிற்காமல் அவரே தொடர்ந்தார்.

"இதை அப்படியே தாசில்தாருக்கும் மேலிடத்துக்கும் அனுப்பிட்டேன். தேதி இருக்கு, உங்க பேர் இருக்கு, இனி யாரும் என்னை எதுக்குன்னு கேட்க முடியாது. லாரியைக் கீழே அனுப்பியிருக்கேன்." ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பினார். "திங்கக்கிழமை உங்ககிட்ட விளக்கக் கடிதம் கேப்பாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது மேடம்."

இருட்டுவதற்குள் பதினான்கு வீடுகளும் காலியாயின. கீழே என்ன நடந்தது என்று ரோஸ்மேரிக்குப் பிறகுதான் தெரிந்தது. மகாலட்சுமி தன் வாசலில் நின்று, செல்போனைக் குடைக்கடியில் பிடித்துக்கொண்டு, அந்தப் பதிவை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்திருக்கிறாள். வதந்தி என்று யாரும் சொல்லவில்லை. தன் மேலேயே பழி போட்டுக்கொண்டு யார் வதந்தி கிளப்புவார்கள்?

சனிக்கிழமை காலை ரோஸ்மேரி பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது ஒன்பது மணி. போகாமல் இருந்திருப்பாள்; உள்ளே யாருடைய கண்ணைப் பார்ப்பது என்ற பயம். ஆனால் வீட்டுக்குள் இருக்கவும் பயமாக இருந்தது. வகுப்பறையில் ஈரப் பாயும் மண்ணெண்ணெய் வாசனையும் பிள்ளைகளின் அழுகையும். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒரு கிழவர் மட்டும் எழுந்து, "உசுரக் காப்பாத்துனீங்க தாயி" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவளைச் சுட்டது.

தெய்வம்மா அங்கே இல்லை. விடிந்ததும் சொல்பேச்சுக் கேளாமல் லைனைப் பார்க்கப் போய்விட்டாள் என்றாள் மகாலட்சுமி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் தெய்வம்மா வந்து நின்றாள். முழங்கைவரை சேறு. சாக்கைக் கொங்காணியாகப் போட்டிருந்த தலை நனைந்து ஒழுகியது.

"மூணு ஊட்டுல பின்சுவத்தத் தள்ளிட்டு வந்திருக்குது" என்றாள், யாரையும் பார்க்காமல். "நம்ம ஊட்டுலயும்தான். பின்னறைல கட்டிலு உசரத்துக்கு மண்ணு."

மகாலட்சுமி இரண்டு பிள்ளைகளையும் இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். யாரோ விசும்பினார்கள். தெய்வம்மா நேராக ரோஸ்மேரியிடம் வந்தாள். அவள் கும்பிடப்போகிறாள் என்று ரோஸ்மேரி பயந்தாள். அவள் கும்பிடவில்லை.

"பன்னெண்டு வருசம். மழ பேஞ்ச அத்தன ராத்திரியும் நாங்க அந்தக் கட்டில்லதான் படுத்திருந்தோம். நீ மேல குவார்ட்டர்ஸ்ல படுத்திருந்த. உனக்குத் தெரியும். நீ தூங்குனயா?"

இத்தனை வருடத்தில் தெய்வம்மா ரைட்டரம்மாவை நீ என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இல்லை என்று சொல்லிவிடலாம். தினமும் தவித்தேன், கண்ணே மூடவில்லை என்று சொல்லலாம். அதைச் சரிபார்க்க ஊரில் எந்தப் பதிவேடும் கிடையாது. எல்லோரும் கேட்க விரும்பியதும் அதுதான்.

"தூங்குனேன்" என்றாள் ரோஸ்மேரி. "மொத வருசம் தூக்கம் வரல. அப்புறம் பழகிருச்சு. நல்லாத் தூங்குனேன், தெய்வம்மா."

தெய்வம்மா சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"அதையும் எழுது."

"எதை?"

"நான் கேட்டத. எம் பேரு போட்டு எழுது. நீ சொன்ன பதிலையும் எழுது. எனக்குப் படிக்கத் தெரியாது, மகா படிச்சுக் காட்டுவா. ஒரு வார்த்த மாறியிருந்தாலும் எனக்குத் தெரியும்."

ரோஸ்மேரி செல்போனை எடுத்தாள். தெய்வம்மா என்று அடித்தாள், ஐந்தாம் நம்பர் லைன், முதல் வீடு என்று அடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திரையையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கினேன் என்ற சொல்லை மகாலட்சுமி வாசித்துக் காட்டும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.